டேக் கழண்டுச்சா, மீன் செத்துச்சா?

மாடு வச்சிருக்க வீட்டுக்காரங்க எல்லாருக்கும் அந்த மஞ்சள் காது டேக் தெரியும், 12 இலக்க நம்பர் போட்டு கவர்மெண்ட் ஆளுங்க வந்து குத்திட்டுப் போவாங்க. சில மாடு வேலில காத உரசி உரசி அதைப் பிச்சுப் போட்டுரும். அதனால ஒண்ணும் குடி முழுகிடாது, மாடு தொழுவத்துலயே தான் நிக்குது, நமக்கும் அடையாளம் தெரியும், புதுசா ஒண்ணு குத்திக்கலாம். இதையே கடல்ல நீந்துற மீனுக்குப் பண்ணா என்ன ஆகும்? டேக் விழுந்த அடுத்த நிமிஷம் அந்த மீன் கூட்டத்தோட கூட்டமா கலந்துரும். அதுக்கப்புறம் அது உங்க கையிலயே மறுபடி சிக்குனாலும் உங்களுக்குத் தெரியாது.

மீனுக்கு டேக் போட்டு பண்ற ஆராய்ச்சி எல்லாத்துலயும் இருக்க பெரிய தலைவலி இது தான். திரும்பி வராத ஒவ்வொரு டேக்குக்குப் பின்னாடியும் ஒரு கதை இருக்கு, ஆனா எல்லாக் கதையும் நோட்டுல ஒரே மாதிரி தான் தெரியும்: வெறும் காலிக் கட்டம்.

முதல்ல எதுக்கு டேக் போடுறாங்கன்னு பாத்துருவோம். தண்ணிக்குள்ள எத்தனை மீன் இருக்குன்னு தலை எண்ண முடியாது இல்லயா, அதனால ஒரு குறுக்கு வழி. ஒரு ஏரின்னு வச்சுக்கோங்க. 200 மீனைப் பிடிச்சு ஆளுக்கொரு டேக் போட்டு திரும்ப ஏரிலயே விட்டுர்றீங்க. நல்லா கலக்கட்டும்னு கொஞ்ச நாள் விட்டுட்டு மறுபடி வலை போடுறீங்க, 300 மீன் மாட்டுது, அதுல 30 மீன்ல டேக் இருக்கு. அதாவது பத்துல ஒண்ணு. அப்போ ஏரில இருக்க மொத்த மீன்லயும் பத்துல ஒரு பங்கு தான் நம்ம 200, ஆக மொத்தம் 2000. அவ்ளோ தான், ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்.

டென்மார்க்காரர் பீட்டர்சன் பேர்ல தான் இந்தக் கணக்கச் சொல்லுவாங்க. லிம்ஃபியோர்டுங்கிற கடல்கழில பிளேஸ்னு ஒரு தட்டை மீன், சின்னக் குஞ்சுகளா கடல்ல இருந்து உள்ள வர்றதப் பத்தி அவர் 1896-ல எழுதினார். அவர் பேர்லயே ஒரு டேக்கும் இருக்கு: சட்டை பட்டன் மாதிரி ரெண்டு வட்டத் தட்டு, மீனுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு, நடுவுல உடம்பு வழியா ஒரு கம்பி. 1930-ல அமெரிக்காவுல லிங்கன்னு ஒருத்தர் (ஜனாதிபதி இல்லங்க, வேற ஆள்) இதே கணக்க வாத்துக்குப் போட்டார், அதனால பறவைக்காரங்க இதை லிங்கன் முறைன்னு சொல்லுவாங்க. எந்தப் பேர்ல சொன்னாலும் பெருக்கி வகுக்குற கணக்கு ஒண்ணு தான்.

ஆனா இந்தக் கணக்குக்குள்ள சொல்லாம ஒளிஞ்சிருக்க நம்பிக்கைகள் சிலது இருக்கு. போட்ட டேக் விழாது, டேக் போட்டதால மீன் சாகாது, டேக்கோட மீனப் பாத்தவங்க கண்டிப்பா நமக்குச் சொல்லிருவாங்க. மூணுமே நெஜத்துல நடக்காது.

அதே ஏரிக்கு வருவோம். நெஜமா 2000 மீன் தான் இருக்கு. ஆனா 200 டேக்ல 20 சதவீதம் விழுந்துருச்சு, மிச்சம் 160. இப்போ 300 மீன் பிடிச்சா அதுல 30 இல்ல, 24-ல தான் டேக் இருக்கும். நமக்கு விழுந்தது தெரியாது, நாம 200-ன்னே தான் நினைச்சிட்டு இருக்கோம், கணக்குப் போட்டா 2500 வருது. சும்மா இருந்த ஏரில 500 மீன் காத்துல இருந்து பொறந்துருச்சு. இதோட டேக் போட்ட அதிர்ச்சில பத்துல ஒரு மீன் செத்தும் போச்சுன்னு வைங்க, மாட்டுற டேக் 22 கிட்ட வந்துரும், கணக்கு 2700-ஐத் தாண்டிரும். ஏரில மீன் கொறைஞ்சிருக்கு, பேப்பர்ல கூடிருக்கு. இந்த நம்பரப் பாத்து "நெறைய இருக்கு, பிடிங்கப்பா"ன்னு யாராவது அனுமதி குடுத்தா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, இதே தப்பு வேற கேள்விக்கு நேர் எதிர்ப் பக்கம் இழுக்கும். எத்தனை மீன் இருக்குன்னு கேக்காம, வருஷத்துக்கு எத்தனை மீன் உயிரோட தப்பிக்குதுன்னு கேளுங்க. நெஜமா 100-க்கு 70 தப்பிக்குது, ஆனா டேக் 100-க்கு 85 தான் நிக்குதுன்னா, நம்ம கண்ணுக்கு டேக்கோட தெரியப் போறது 70-ல 85 சதவீதம், அதாவது 59.5. ஆக 30 மீன் தான் செத்திருக்கு, நாம 40 செத்துருச்சுன்னு ஒப்பாரி வைப்போம். டேக்க அவுத்துப் போட்டுட்டு ஜாலியா நீந்திட்டு இருக்க மீனுக்கு நாம கருமாதி பண்ணிட்டு இருப்போம். ஒரே கழண்ட டேக், ஒரு கணக்குல மீன் ஏகப்பட்டது இருக்குங்கும், இன்னொரு கணக்குல மீன் கொத்துக் கொத்தா சாகுதுங்கும். அதனால தான் இந்த மாதிரி கணக்குல வர்றத வெறும் பிழைப்பு விகிதம்னு சொல்லாம "தெரியிற பிழைப்பு விகிதம்"னு ஜாக்கிரதையா சொல்லுவாங்க, அதுக்குள்ள உயிர் பொழைச்சது, டேக் நின்னது, மீன் இடத்த விட்டுப் போகாம இருந்தது எல்லாம் ஒண்ணா பிசைஞ்சு கெடக்கும்.

சரி, டேக் ஏன் விழுது?

ஜவுளிக்கடைல புதுச் சட்டைல விலைச் சீட்டு தொங்கவிடுற பிளாஸ்டிக் நூல் பாத்திருப்பீங்க, ஒரு முனைல குறுக்குக் கட்டை மாதிரி டி வடிவத்துல இருக்கும், துப்பாக்கி மாதிரி ஒரு கருவில டக்குன்னு குத்துவாங்க. மீனுக்குப் போடுற டி-பார் டேக் அதே தான், ஐடியாவே துணிக் கடைத் துப்பாக்கில இருந்து வந்தது. முதுகுத் துடுப்புக்கு அடில ஊசிய சாய்ச்சுக் குத்தி, அந்த டி முனை துடுப்பத் தாங்குற முள்ளெலும்புக்குப் பின்னாடி போய் மாட்டிக்கணும். மாட்டுனா வருஷக்கணக்கா நிக்கும். முள்ளத் தொடாம வெறும் சதைல நின்னுச்சுன்னா அது கொக்கி இல்லாத கதவு மாதிரி தான், இன்னைக்கோ நாளைக்கோ வெளிய வந்துரும். குத்துறவங்க கை பழக்கம் இதுல ரொம்ப முக்கியம், ஒரே படகு, ஒரே டேக், ஒரே மீன், ஆனா ஆளுக்கு ஆள் விழுற அளவு மாறும், அதனால தான் ஒழுங்கா நடக்குற திட்டங்கள்ல எந்த மீனுக்கு யார் குத்துனாங்கன்னும் சேத்து எழுதி வைப்பாங்க.

நல்லா குத்துனதும் மெதுவா கழலும். நீந்த நீந்த டேக் ஆடும், ஆட ஆட குத்துன ஓட்டை பெருசாகும், வெளிய தொங்குற பகுதில பாசி பிடிக்கும், கொட்டலசு ஒட்டும், பாரம் ஏறும், தண்ணி இன்னும் வேகமா அதைப் பின்னாடி இழுக்கும். பாறை, வலை, கடல்புல்லு எதுலயாவது சிக்கி இழுபடும்.

ஆக ரெண்டு விதமான இழப்பு இருக்கு. குத்துன கொஞ்ச நேரத்துலயே நடக்குறது ஒண்ணு, காலம் போகப் போக மெதுவா ஒழுகுறது ஒண்ணு. பெவர்ட்டன், ஹோல்ட்னு ரெண்டு இங்கிலாந்து விஞ்ஞானிங்க 1957-ல எழுதின மீன்வளக் கணக்குல இந்தப் பிரிவு வருது, இன்னைக்கும் அப்டியே தான் சொல்றாங்க. டேக்க மட்டும் இல்ல, சாவையும் இப்டியே பிரிக்கலாம்: விட்ட உடனே சாகுறது, டேக் இருக்கதால நாள் பட நாள் பட அதிகமா சாகுறது. இந்தப் பிரிவு முக்கியம், ஏன்னா உடனே போறத ஒரே ஒரு தடவ கழிச்சா போதும், ஒழுகுறத மாசாமாசம் கழிச்சிட்டே இருக்கணும்.

இப்போ நல்ல பகுதி. காணாமப் போனத எப்டி எண்ணுறது? விழுந்த டேக் கடலடில கெடக்கு, அதைத் தேட முடியாது. இதுக்கு ஒரு தந்திரம் கண்டுபிடிச்சாங்க, ஒரே மீனுக்கு ரெண்டு டேக்.

கல்யாண மண்டபத்துல ஜிமிக்கி போட்டு வந்த பொண்ணுங்கள நினைச்சுப் பாருங்க. கூட்டத்துல ஒரு காதுல மட்டும் ஜிமிக்கியோட யாராவது நின்னா, ஒண்ணு விழுந்துருச்சுன்னு உடனே தெரியும். ஆனா ரெண்டையுமே தொலைச்ச பொண்ணும் ஜிமிக்கியே போடாம வந்த பொண்ணும் ஒரே மாதிரி தான் தெரிவாங்க. அப்டி ஒத்தை ஜிமிக்கிக்காரங்கள எண்ணி, அதை வச்சே ரெண்டையும் தொலைச்சவங்க எத்தனைன்னு ஊகிக்கிறது தான் இந்த முறை.

நம்பரோட பாப்போம். ரெண்டு டேக் போட்டு விட்ட மீன்கள்ல 120 திரும்பக் கெடச்சுது. 80-ல ரெண்டு டேக்கும் இருக்கு, 40-ல ஒண்ணு தான் இருக்கு. எல்லாரும் முதல்ல பண்ற தப்பு இது: 120 மீனுக்கு 240 டேக், 40 போச்சு, ஆக இழப்பு ஆறுல ஒண்ணு, 16.7 சதவீதம். கேக்க கரெக்டா இருக்கு, ஆனா தப்பு. ரெண்டையும் தொலைச்ச மீன் இந்த 120-லயே வராதே, அதுங்க வலைல வந்திருந்தாலும் சாதா மீனோட பெட்டிக்குள்ள போயிருக்கும். சரியான வழி, ஒரு டேக் இருக்க மீன் எண்ணிக்கைய எடுத்து, அதோட ரெண்டு டேக் மீனோட இரட்டிப்பக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால வகுக்கணும். 40-ஐ 200-ஆல வகுத்தா 20 சதவீதம். சரியான்னு செக் பண்ணிப் பாக்கலாம்: ஒரு டேக் நிக்க வாய்ப்பு 80 சதவீதம்னா ரெண்டும் நிக்க 64, ஒண்ணு மட்டும் நிக்க 32, ரெண்டும் போக 4. 125 மீன் மாட்டிருந்தா 80, 40, 5. ஆமா, அந்த 5 தான் நம்ம கண்ணுக்குத் தெரியாம பெட்டிக்குள்ள போன மீன், அதுங்களோட 10 டேக்கையும் சேத்தா 250-ல 50 போயிருக்கு, அதே 20 சதவீதம். முதல் தடவ இது புரிஞ்சப்போ, பாக்காத அஞ்சு மீன பாத்த மீன வச்சே எண்ணிட்டாங்களேன்னு எனக்கு கொஞ்ச நேரம் சிரிப்பு நிக்கல.

இன்னும் ஒரு படி மேல போகலாம். விட்டு ஒரு மாசத்துல கெடச்ச மீன், ஆறு மாசத்துல கெடச்சது, ரெண்டு வருஷத்துல கெடச்சதுன்னு தனித்தனியா பிரிச்சு இந்தக் கணக்கப் போட்டு கோடு வரைஞ்சா, கோடு மேல ஏறுற சரிவு தான் மெதுவா ஒழுகுற இழப்பு, அந்தக் கோட்ட பின்னாடி நீட்டுனா முதல் நாள்லயே பூஜ்யத்துல இல்லாம கொஞ்சம் மேல நிக்கும் பாருங்க, அந்த உயரம் தான் குத்துன உடனே விழுந்தது.

இதுக்கும் ஒரு ஓட்டை இருக்கு. ஒரு டேக் விழுறதுக்கும் இன்னொண்ணு விழுறதுக்கும் சம்பந்தம் இல்லன்னு நம்புறோம். ஆனா அன்னைக்குக் குத்துனவரு தூக்கக் கலக்கத்துல ரெண்டையுமே சதைல குத்தியிருந்தா? இல்ல மீன் வலைல சிக்கி உருண்டு ரெண்டும் ஒண்ணா பிஞ்சிருந்தா? அப்போ ரெண்டும் போன மீன் 4 சதவீதத்த விட அதிகமா இருக்கும், நம்ம கணக்குக்கு அது தெரியவே தெரியாது. இதுக்கு மாற்று, ரெண்டாவது அடையாளத்த விழவே முடியாத ஒண்ணா வச்சுக்கிறது, உதாரணத்துக்கு துடுப்பு ஓரத்த லேசா வெட்டி விடுறது. டேக் போனாலும் வெட்டு காட்டிக் குடுத்துரும், ஆனா எந்த மீன்னு நம்பர் தெரியாது, துடுப்பும் மெல்ல வளந்துரும்.

உடம்புக்குள்ள போடுற டேக் போட்டா விழாதேன்னு கேக்கலாம். சால்மன் குஞ்சுக்கு மூக்குல ஒரு கம்பித் துணுக்கு போடுவாங்க, 1.1 மில்லிமீட்டர் நீளம், கண்ணுல பாத்தாலே தெரியாது, அதுல பொறிச்ச நம்பர மைக்ராஸ்கோப்ல தான் படிக்கணும். முதல் சில வாரம் தாண்டிருச்சுன்னா ரொம்ப நல்லா நிக்கும். பிட் டேக்குன்னு அரிசிய விடக் கொஞ்சம் பெருசா கண்ணாடிக் குப்பி ஒண்ணு, சுமார் 12 மில்லிமீட்டர், வயித்துக்குள்ள ஊசி வழியா போடுறது, பேட்டரியே கெடையாது, ரீடர் பக்கத்துல வந்தா நம்பர் சொல்லும். இது பாதுகாப்புன்னு தான் எல்லாரும் நினைப்பாங்க, ஆனா சில பொம்பள மீன் முட்டை போடுறப்போ முட்டையோட சேத்து இதையும் வெளிய தள்ளிரும். அப்புறம் கணக்குல பாத்தா அப்டித் தள்ளுன பெண் மீன் எல்லாம் செத்த மாதிரி தெரியும்!

ரெண்டு டேக் தந்திரத்தால சுத்தமா பிடிக்க முடியாத ஒண்ணு, டேக்கால வர்ற சாவு. செத்த மீன் ரெண்டு டேக்கையும் சேத்து எடுத்துட்டுத் தான் கீழ போகும்.

மீன் ஏன் சாகுதுன்னா அந்தச் சின்ன ஊசிக் குத்து மட்டும் காரணம் இல்ல, சுத்தி நடக்குற எல்லாம் தான். தூண்டில் முள்ளு செவுள்ல ஏறி ரத்தம் வந்திருக்கலாம். காஞ்ச கையால பிடிச்சா உடம்பு மேல இருக்க வழவழப்பு போயிரும், அது தான் அதோட தோல் மேல தோல், அது போனா கிருமி ஏறும். ஆழத்துல இருந்து வேகமா தூக்குனா உள்ள இருக்க காத்துப் பை உப்பி வயித்த வாய் வழியா தள்ளும். வெயில் தண்ணில ஆக்ஸிஜன் கம்மி. சூரை மாதிரி மீனுக்கு இன்னொரு சிக்கல், வாயத் திறந்துட்டு ஓடிக்கிட்டே இருந்தா தான் செவுளுக்குத் தண்ணி போகும், அதை நிப்பாட்டுனா மூச்ச நிப்பாட்டுன மாதிரி, அதனால தொட்டில வச்சு அளந்து குத்தி தூக்கிப் போடுறது எல்லாம் சில வினாடில முடியணும். அப்டித் தூக்கிப் போட்டது மயக்கமா தள்ளாடிட்டு இருக்கப்போ படகுக்கு அடில சுறா காத்துட்டு இருக்கும். அந்தச் சாவ எந்த நோட்டுல எழுதுறது?

இதை அளக்க கூண்டு வைப்பாங்க. கொஞ்சம் மீனுக்கு டேக் போட்டு, அதே மாதிரி பிடிச்சு அதே மாதிரி தொட்டு ஆனா டேக் போடாம இன்னும் கொஞ்சம், ரெண்டையும் வலைக் கூண்டுல சில நாள் வச்சு எத்தனை சாகுதுன்னு பாக்குறது. டேக் போடாத கூட்டம் இல்லாம எண்ணுனா அர்த்தமே இல்ல, ஏன்னா கூண்டே சில மீனைக் கொல்லும். அதே கூண்டு சில மீனைக் காப்பாத்தவும் செய்யும், உள்ள சுறா இல்லயே. அதனால கூண்டுல வர்ற சாவு எண்ணிக்கைய அப்டியே கடலுக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாது. இன்னொண்ணு, சின்ன மீன் மேல பெரிய டேக் வச்சா பாரம். டிரான்ஸ்மிட்டர் எடை மீனோட எடைல 2 சதவீதத்தத் தாண்டக் கூடாதுன்னு ஒரு பழைய விதி ரொம்ப நாளா சுத்திட்டு இருக்கு. எல்லா மீனுக்கும் அது பொருந்தாதுன்னு சண்டை போடுறவங்களும் இருக்காங்க, எனக்கும் அது கட்டளையா இல்லாம ஒரு உத்தேசக் கோடா தான் தெரியுது.

மூணாவது ஓட்டை மனுசங்க. டேக் கெடச்சும் சொல்லாதவங்க. சிலருக்கு அக்கறை இல்ல, சிலருக்குப் பயம், பல தடவ யாருமே கவனிக்கிறது இல்ல. இதுக்கு நம்ம இந்தியப் பெருங்கடல்லயே அருமையான உதாரணம் இருக்கு. 2005-ல இருந்து 2007 வரைக்கும் நடந்த சூரை டேக் திட்டத்துல மஞ்சத் துடுப்புச் சூரை, பெருங்கண் சூரை, ஸ்கிப்ஜாக்னு மூணு வகையும் சேத்து 1.68 லட்சம் மீனுக்கு மேல டேக் போட்டாங்க, பெரும்பாலும் தான்சானியா பக்கத்துக் கடல்ல, தூண்டில் கம்புல ஒவ்வொண்ணா பிடிச்சு. அதுல ஒரு பங்கு மீனுக்கு ரெண்டு டேக். கிட்டத்தட்ட ஆறுல ஒண்ணு திரும்பி வந்துது, பெரும்பாலும் பெரிய சுருக்குவலைக் கப்பல் மூலமா, நெறைய சீஷெல்ஸ் துறைமுகத்துல. சொல்லாம விட்டது எவ்ளோன்னு அளக்க ஒரு திருட்டு வேலை பண்ணாங்க: மீன்பிடிப்பக் கண்காணிக்க கப்பல்ல போற பார்வையாளர், பிடிச்ச மீன் குவியல்ல சிலதுக்கு யாருக்கும் தெரியாம தானே டேக்கக் குத்தி உள்ள போட்டுருவார். அதுல எத்தனை கரைல திரும்பி வருதுன்னு பாத்தா, மனுசங்க எவ்ளோ சொல்றாங்கன்னு நேரா தெரிஞ்சுரும். டீச்சர் வேணும்னே தப்பா எழுதி எந்தப் பையன் கண்டுபிடிக்கிறான்னு பாக்குற மாதிரி.

மூணு ஓட்டையும் சேந்தா என்ன ஆகும்? 1000 டேக் போட்டாங்க, 200 திரும்பி வந்துது. மேலோட்டமா பாத்தா மீன் பிடிக்கிறவங்க 20 சதவீதம் எடுக்குறாங்க, பரவால்ல. ஆனா 300 டேக் ஆரம்பத்துலயே விழுந்தும் செத்தும் போயிருந்தா மிச்சம் 700. கெடச்ச டேக்ல 80 சதவீதம் தான் சொன்னாங்கன்னா நெஜமா பிடிபட்டது 250. 700-ல 250, கிட்டத்தட்ட 36 சதவீதம். இதே கடல், இதே மீன்.

விழுந்ததா செத்ததான்னு தானே சொல்ற டேக் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் காசு அதிகம், ஒண்ணு சில லட்சம் ரூபா ஆகும். பாப்-அப் சாட்டிலைட் டேக். 1997-ல அட்லாண்டிக் புளூஃபின் சூரைல போட்டு ஆரம்பிச்சாங்க. ஆழம், வெப்பம், வெளிச்சம் மூணையும் பதிஞ்சிட்டே இருக்கும், குறிச்ச நாள்ல தானே கழண்டு மேல மிதந்து வந்து சாட்டிலைட்டுக்கு அனுப்பிரும். நாளுக்கு முன்னாடியே கழண்டா மிதக்கும், அப்போ அது டேக் இழப்பு. மீன் செத்தா டேக்கோட சேந்து ஆழத்துக்கு இறங்கி ஒரே ஆழத்துல அசையாம கெடக்கும், இல்லன்னா நசுங்குற ஆழம் வர்றதுக்கு முன்னாடி தன்னை அறுத்துக்கும், அப்போ அது சாவு. கடைசில தெளிவாயிருச்சுன்னு நினைக்கிறப்போ சில டேக்ல விசித்திரமா ஒண்ணு வரும்: திடீர்னு வெளிச்சம் பூஜ்யம், பகல்லயும் இருட்டு, வெப்பம் சுத்தி இருக்க கடல் தண்ணிய விட அதிகம், ஆனா ஆழம் மட்டும் மேலயும் கீழயும் ஏறி இறங்கிட்டே இருக்கு. மாக்கோ மாதிரி சூடான உடம்பு இருக்க சுறா ஏதோ மீனோட டேக்கையும் சேத்து முழுங்கிருச்சு, சில நாள் கழிச்சு வெளிய தள்ளும், டேக் மேல வந்து எல்லாத்தையும் ஒப்பிச்சுரும். மீன் செத்தது உறுதி. டேக் குத்தாம இருந்திருந்தா அந்தச் சுறாகிட்ட இருந்து அது தப்பிச்சிருக்குமாங்கிறது மட்டும் அந்த டேக்லயும் பதிவாகி இருக்காது.